மூன்றாவது சிறகடிப்பு

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

கிளினிக்கில் கூட்டம். ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கல், இரண்டு அடைப்பு, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அழத் தொடங்கிய ஒரு போலீஸ்காரர். டாக்டர் குடைய, நான் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் வலியோடு வீட்டுக்கு வந்தால் அப்பா பள்ளிப் பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள்.

யுகேந்திரன் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம். ஆவணியில் நடக்க இருந்த பரிசம் இனி இல்லை. ஜாதகம் பொருந்தவில்லையாம்.

ஆனி மாதம் அவன் அம்மா வந்து என் தலையில் பூ வைத்துவிட்டுப் போனபோது பொருந்திய ஜாதகம், ஆடி முடிவதற்குள் எப்படிக் கெட்டுப்போனது? தேங்காய்ப்பாலா அது, வெளியில் வைத்தால் திரிந்துபோக?

அவனுக்கு மெசேஜ் போட்டேன். படித்துவிட்டான். பதில் இல்லை.

16 ஆகஸ்ட், சனி

இன்று கிளேபாங் போனேன். மிக்கேல்ராஜ் அங்கிளின் தேங்காய் ஷேக் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு டிவி, நான்கு நாற்காலி, சனிக்கிழமை தோறும் நாங்கள் கூடி வீடியோ கேம் ஆடும் இடம். யுகேந்திரனை நான் முதலில் பார்த்ததும் அங்கேதான். ஷேக் வாங்க நின்றவளை "ஒரு ஆள் குறையுது, ஆட வரியா"ன்னு கூப்பிட்டதே அவன்தான். நானாகப் போய் உட்காரவில்லை. இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள்.

உண்மைக் காரணத்தை அங்கிளின் மகள் கேத்லீன் சொன்னாள். யுகேந்திரனின் சித்தப்பா மகன் கடைக்கு வந்து உளறியிருக்கிறான். ஜாதகமும் இல்லை ஒன்றும் இல்லை. அவன் அம்மா வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாளாம்: "பையனுங்களோட உக்காந்து கேம் ஆடுற பொண்ணு. நாளைக்கு நம்ம வீட்டுக்கு வந்தா விளக்கு ஏத்துமா, டிவியப் போடுமா?"

"அவன் பக்கத்துல இருந்தானா?"

"இருந்தானாம்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல லா. தரையவே பாத்துக்கிட்டு இருந்தானாம்."

எந்தப் பையனோடு ஆடினேன்? அவள் பெற்ற பையனோடுதான் ஆடினேன். இரண்டு வருஷமாக. அதைச் சொல்ல ஒரு வாய் போதும். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாதவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் நான். இவனுக்கு வாயில் குழாயும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

யுகேந்திரனின் அம்மா என் தலையில் வைத்த பூவை எங்கள் அம்மா இன்னும் சாமி மேடையில் வைத்திருந்தாள். காய்ந்து கருகியிருந்தது. எடுத்துக் குப்பையில் போட்டேன். அம்மா திட்டினாள். திட்டட்டும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கேத்லீன் ஒரு போஸ்டர் அனுப்பினாள். சுங்கை ரம்பாய் கோயில் இளைஞர் பிரிவு, தீபாவளி முடிந்த சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில் போட்டி. வருஷா வருஷம் பந்து விளையாட்டுக்குக் கொடுக்கிற மாயாண்டி நினைவுக் கோப்பை இந்த முறை நம் ஆட்டத்துக்காம். மாயாண்டி என்பவர் யுகேந்திரனின் தாத்தா. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெரிய ஆள். கோப்பையை எப்போதும் அவர்கள் குடும்பத்தில்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மாமனார் பெயரில் உள்ளது என்பதால் மருமகள் கையால். அதாவது அவன் அம்மா கையால்.

போஸ்டரை மறுபடி மறுபடி பார்த்தேன். பசி போய்விட்டது.

கேம் ஆடுகிற பொண்ணு என்றுதானே வேண்டாம் என்றாள்? அந்தக் கேமிலேயே அவள் மகனை அவள் ஊர் மண்டபத்தில் மண்ணைக் கவ்வ வைக்கிறேன். அப்புறம் அவள் எழுந்து வந்து, சிரித்துக்கொண்டு, கோப்பையை என் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். மாப்பிள்ளையும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

பெயர் கொடுத்துவிட்டேன். தேவமலர், டுரியான் துங்கால்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சுதந்திர தினம், மெர்டேக்கா லீவு. காலையிலிருந்து யோசனை. அப்பாவுக்கு இந்த ஆட்டத்தைப் புரியவைக்கப் பார்த்தேன். "அடிச்சா செத்துருவானா?" என்றார். இல்லைப்பா. இதில் அடிபட்டு யாரும் சாவதில்லை. மேடை காற்றில் தொங்குகிறது. அடி வாங்க வாங்க உடம்பு லேசாகி, ஒரு நல்ல அடி விழுந்தால் மேடையைவிட்டு வெளியே பறந்து போவாய். அங்கிருந்து திரும்பி மேடைக்கு வர முடிந்தால் பிழைத்தாய். முடியாமல் கீழே விழுந்தால் ஒரு உயிர் போச்சு. ஆளுக்கு மூன்று உயிர். "அப்ப அடிக்கிறவன் கெட்டிக்காரன் இல்ல, திரும்பி வர்றவன்தான் கெட்டிக்காரன்" என்றார் அப்பா. ஒரே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்.

யாரை எடுத்து ஆடுவது? ஆட்டத்தில் வருகிற எல்லா ஆளுக்கும் கிளேபாங்கில் நாங்களே பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

பாறை. தூக்கி எறிவது கஷ்டம். ஆனால் எறிந்துவிட்டால் பாறைதான், ஒரு துள்ளல் துள்ளி நேராகக் கீழே போகும். காற்றில் திசை மாற்றவே முடியாது.

பட்டாசு. எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் திரி பற்றி நேரே மேலே கிளம்பிவிடும். பக்கவாட்டில் நகராது. திரி பற்றும் அந்த நொடியில் ஊரே பார்க்கும், யாரும் வந்து தட்டிவிடலாம்.

பல்லி. நாக்கை நீட்டி விளிம்பைப் பிடித்து ஏறும். அழகு. ஆனால் எதிராளி விளிம்பை முதலில் பிடித்துத் தொங்கினால் நாக்கு ஒட்டாது. நீட்டிய நாக்கோடு போய்ச் சேர வேண்டியதுதான்.

கொக்கு. என்னுடையது. ஒரு துள்ளல், பிறகு சிறகை விரித்தால் மிதக்கும். பக்கவாட்டில் எத்தனை தூரம் எறிந்தாலும் மிதந்தே வந்துவிடுவேன். ஆனால் விரித்த சிறகு மேலே ஏறாது. விளிம்புக்குக் கீழே போய்விட்டால் கதை முடிந்தது.

வௌவால். யுகேந்திரனுடையது. காற்றில் மூன்று சிறகடிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் மேலே ஏறும். அது தீர்ந்த பிறகும் கடைசியாக ஒரு பாய்ச்சல். எந்தப் பக்கத்திலிருந்தும் வரும், எப்போது வேண்டுமானாலும் வரும். இருப்பதிலேயே திரும்பி வரத் தெரிந்தது அதுதான். அதை எடுத்தவன்தான் வீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

6 செப்டம்பர், சனி

கடையில் சாயங்காலம் வரை ஆடினேன். கேத்லீன் வௌவாலை எடுத்து எனக்காக அடி வாங்கினாள். அவன் அங்கே வரவில்லை. வரட்டும் பார்ப்போம்.

ஒன்று கவனித்தேன். கடையில் எல்லாரும் ஷேக் குடித்த கையோடு ஆடுவதால் கன்ட்ரோலரில் குதிக்கும் பட்டன் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை அழுத்தினால் எழுந்து வர நேரமாகும். அதனால் கிளேபாங்கில் பழகியவர்கள் எல்லாருக்கும் ஒரே பழக்கம்: கடைசித் துள்ளலை உடனே செலவழிக்க மாட்டோம். கடைசி நிமிஷம் வரை விழுந்து, பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓங்கிக் குத்துவோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் "செத்துட்டான்" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அவன் அதில் பெரிய கஞ்சன். இரண்டு சிறகடிப்பை முதலிலேயே அடித்துவிடுவான். மூன்றாவதை முடிந்து வைத்துக்கொண்டு, மேடைக்கு அடியில், திரையின் ஓரம் வரை விழுவான். அப்புறம்தான் அடிப்பான். அது தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான். இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

16 செப்டம்பர், செவ்வாய்

அம்மா அழுதாள். "ஊர்ல ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுறாங்க. நீ அங்கயே போய் ஆடணுமா? வேற எடம் வந்திருக்கு மலர், ஜாசின்ல, நல்ல பையன்."

"ஆடிட்டு வந்து பாக்குறேன்மா."

"ஆடிட்டு வந்தா அவனும் வேணாம்பான்."

"அப்ப அவனும் வேணாம்."

அப்பா பேருந்துக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.

27 செப்டம்பர், சனி

வந்தான்.

நான் ஆடிக்கொண்டிருந்தேன். கடைக்கு வெளியே மோட்டார் சத்தம், எனக்குத் தெரிந்த சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று பார்த்தான். நான் திரும்பவில்லை, டிவியின் கறுப்பு ஓரத்தில் அவன் நிழல் தெரிந்தது. மிக்கேல்ராஜ் அங்கிள், "உள்ள வா தம்பி, ஷேக் போடவா?" என்றார். "இல்ல அங்கிள், தாப்பாவ்." வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பையில் கட்டி வாங்கிக்கொண்டு போகவா அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்தாய்? ஒரு வார்த்தை பேச வந்திருந்தால் பேசியிருக்க வேண்டும். பேசியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தெரியாது. கன்ட்ரோலரை முகத்தில் எறிந்திருப்பேன். ஆனாலும் பேசியிருக்க வேண்டும்.

3 அக்டோபர், வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். ஒரு மாதமாக எல்லா ஆளையும் எடுத்து ஆடிப் பார்த்தாகிவிட்டது. வௌவாலைக் காற்றில் துரத்திப் பிடிக்க முடியாது, பட்டாசால்கூட முடியாது. அது திரும்பி வருகிற வழியில் போய் நிற்க வேண்டும். மேடைக்கு வெளியே, வெறும் காற்றில். பாறை அங்கே போனால் செத்தது. பல்லிக்கு நாக்கு ஒன்றுதான், அடிப்பதா பிடிப்பதா என்று குழம்பும். வெளியே போய் நின்று, காத்திருந்து, அடித்துவிட்டு, திரும்பியும் வரக்கூடியது கொக்கு ஒன்றுதான். கொக்கு காத்திருக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்ததுதானே.

ஆக, என் பழைய ஆளேதான். அவன் நான் வேறு யாரையாவது எடுப்பேன் என்று நினைப்பான். நினைக்கட்டும்.

11 அக்டோபர், சனி

புரட்டாசி என்பதால் வீட்டில் அம்மா கவிச்சி சமைப்பதில்லை. எனக்கு யாரையாவது கடித்துத் தின்ன வேண்டும்போல் இருக்கிறது. கேத்லீன் கேட்டாள்: "ஜெயிச்சிட்டா அப்புறம் என்ன பண்ணுவ?"

"கப்பை வாங்கிக்கிட்டு அந்த அம்மா மூஞ்சியப் பாப்பேன்."

"அப்புறம்?"

"நல்லாப் பாப்பேன்."

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல், இடியாப்பம், ஆட்டிறைச்சிப் பிரட்டல். போன வருஷம் அவன் வீட்டு முறுக்கு ஒரு டின் வந்தது. இந்த வருஷம் வரவில்லை என்று அம்மா அந்த மூலையைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டு முறுக்கு எண்ணெய்ச் சிக்கு வாடை. நிஜமாகவே.

அவர்கள் வீட்டுக் கேக் பொங்காமல் போக. அவர்கள் வாசல் கோலத்தில் பூனை நடக்க. பண்டிகை நாளில் இவ்வளவுதான் சபிக்க முடியும்.

24 அக்டோபர், வெள்ளி

நாளை. அப்பா, "நான் காடி ஓட்டுறேன்" என்றார். அம்மா வரவில்லை என்றாள். பிறகு என் நீலச் சுடிதாரை அயர்ன் பண்ணி வைத்திருக்கிறாள்.

25 அக்டோபர், சனி

ஜெயித்தேன்.

இல்லை.

26 அக்டோபர், ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன், நடந்தபடியே.

மண்டபம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் ஆட்டம் தெரியாதவர்கள், பிரியாணிக்கு வந்தவர்கள். அவன் அம்மா முன்வரிசையில், மேஜை மேல் கோப்பை, அதற்கு மாலை. நான் உள்ளே நுழைந்ததும் பெண்கள் பக்கம் பேச்சு நின்று, மறுபடி தொடங்கியது. அப்பா என் பின்னாலேயே நடந்து வந்து, கடைசி வரிசையில் உட்காராமல் அவள் நாற்காலிக்கு நேர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவளுக்கு "வணக்கம்மா" வேறு சொன்னார்.

முதல் சுற்றுகள் ஒன்றும் இல்லை. கடைசியில் நானும் அவனும். இப்படித்தான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். அதே சட்டை சோப்பு வாசனை. "மலர்" என்றான். நான் பட்டனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கென்றே புதிதாக வாங்கிய கன்ட்ரோலர்கள். அழுத்தினால் குழந்தை மாதிரி துள்ளின.

முதல் ஆட்டம் அவனுக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் ஆளுக்கு ஒரு உயிர் மிச்சம். மண்டபத்தில் ஆட்டம் தெரியாதவர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள். விளிம்பில் வைத்து ஓங்கி ஒன்று கொடுத்தேன். வௌவால் பறந்தது. ஒரு சிறகடிப்பு. இரண்டாவது. பிறகு விழத் தொடங்கியது, அவன் எப்போதும் விழுவது போல.

நான் கொக்கை வெளியே கொண்டுபோனேன். இரண்டு மாதமாக இந்த ஒரு இடத்துக்காகத்தான் சோறு தின்றேன். சிறகை விரித்து நின்றேன். அடி, யுகேன். அடி. சிறகடித்தால் வௌவாலின் காலுக்குக் கீழே ஒரு வெள்ளை வளையம் தெரியும், அது தெரிந்ததும் நான் இறங்கி மிதிக்க வேண்டும்.

வளையம் வரவில்லை. வௌவால் திரையைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

மண்டபம் இரைந்தது. யாரோ விசில் அடித்தார்கள். "பொண்ணு ஜெயிச்சிருச்சு லா" என்று பின்னால் ஒரு குரல். நான் அவன் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் பட்டன் மேல்கூட இல்லை. நன்றாகத் தள்ளி, ஓரமாக வைத்திருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பிச்சை போட்டுவிட்டு, புண்ணியம் செய்தவன் சிரிப்பான் பார், அந்தச் சிரிப்பு.

"பட்டன் ஒட்டிக்கிச்சு" என்றான்.

புது கன்ட்ரோலர். பெட்டியிலிருந்து காலையில் எடுத்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. யார் யாரோ கூட்டிப்போய் நிறுத்தினார்கள். அவன் அம்மா கோப்பையை எடுத்தாள், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு. "இப்ப சந்தோஷமாம்மா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரிக்கிறேன் என்று கேத்லீன் சொல்கிறாள். நான் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதமாகக் கேட்டது எல்லாம் கிடைத்தது. மண்டபம், கூட்டம், அவள் கை, அந்த முகம். எல்லாவற்றையும் அவன் தூக்கிக் கொடுத்தான். நான் எடுக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் வாயைத் திறக்காமல் என்னைக் கீழே விழ விட்டான். நேற்று விரலை அசைக்காமல் தானே விழுந்து காட்டினான். இரண்டும் ஒரே வேலைதான். சும்மா இருப்பது. அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை.

கோப்பை அலமாரி மேல் இருக்கிறது. அம்மா அதற்குப் பொட்டு வைத்திருக்கிறாள்.

28 அக்டோபர், செவ்வாய்

டாக்டர் கிளினிக்கில் எல்லாரிடமும் "நம்ம மலர் சாம்பியன்" என்கிறார். வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள். எங்காவது ஓடிப்போய்விடலாம் போல் இருக்கிறது.

1 நவம்பர், சனி

கோப்பையைக் காடியில் முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, சுங்கை ரம்பாய் போனேன். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "யோசிச்சியா?" என்றார். யோசிச்சேன்ப்பா. சாவியைக் கொடுத்துவிட்டார்.

அவன் அம்மாதான் கதவைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, இதைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்." ஆனியில் அத்தை என்று கூப்பிட்டேன். இன்று ஆன்ட்டி என்றதும் அவளுக்குப் புரிந்தது.

"எங்க மாமனார் பேர்ல உள்ள கப்பு. போட்டி போட்டு வாங்கிட்டு இப்ப திருப்பிக் குடுக்க வந்திருக்கியா? எவ்ளோ திமிரு."

"ஜெயிச்சிருந்தா குடுக்க மாட்டேன் ஆன்ட்டி. உங்க பையன் விட்டுக் குடுத்துட்டாரு. வேணும்னே கீழ விழுந்தாரு. அவரையே கேளுங்க."

அவன் உள்ளேயிருந்து வந்தான். ஈரத் துண்டு தோளில். என்னையும் கோப்பையையும் பார்த்தான். அப்புறம் என்ன செய்தான்? தரையைப் பார்த்தான். நானே கண்ணால் பார்த்துவிட்டேன், கேத்லீன் சொன்ன அந்தப் பார்வையை.

எனக்கு வந்ததே ஆத்திரம். "கீழ பாக்காத யுகேன். அம்மாவப் பாத்துச் சொல்லு. அழுத்துனியா இல்லியா?"

தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்கினான்.

"அழுத்தலம்மா" என்றான். "வேணும்னேதான் விழுந்தேன்."

"ஏன்டா?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நீங்க அவள வேணாம்னு சொன்னப்ப நான் பேசாம இருந்தேன். அவள ஆடக் கூப்பிட்டதே நான்தான். அதச் சொல்லல. சொல்லாததுக்கு... இதயாச்சும் குடுக்கலாம்னு."

"நான் இதைக் கேட்டேனா?" என்றேன். குரல் உடைந்துவிட்டது, எனக்கே அசிங்கமாக இருந்தது. "உங்க அம்மா முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். அது முடியல. ஊர் முன்னாடி எனக்குப் பிச்ச போட முடியுதா? இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்ட. இனிமே நான் உன்ன ஜெயிச்சேனா இல்லியான்னு எனக்கே தெரியாது."

கோப்பையைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மாலையோடு. வழியில் மெர்லிமாவில் காடியை ஓரம் கட்டி அழுதேன். நன்றாகவே அழுதேன். ஒரு மலாய்க்கார மாமா கண்ணாடியைத் தட்டி டிஷ்யூ பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

2 நவம்பர், ஞாயிறு

கேத்லீன்: "கப்பை யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? நீ மெண்டல் லா."

ஆமாம்.

9 நவம்பர், ஞாயிறு

இன்று வந்தார்கள். தட்டோடு. வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சு, ஒரு சேலை. அவன் அம்மா, அவன் அப்பா கணேஸ்வரன், யாரோ ஒரு பெரியவர். அவன் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டையாம். "வேற எடத்துல பண்ண மாட்டேன், தப்பு நம்ம மேல" என்று அவன் கத்தினானாம். கத்தினான் என்று அவன் அப்பாவே சொன்னார், மகனுக்கு இப்போதுதான் பேச்சு வந்த மாதிரி ஒரு ஆச்சரியத்தோடு.

மூன்று மாதம் எத்தனை விதமாக நினைத்துப் பார்த்திருப்பேன், அவள் எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் இறங்கி வந்து உட்காருவதை. உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

அப்பா அடுப்படிக்கு வந்தார். "என்னம்மா சொல்லட்டும்?"

"நானே சொல்றேன்ப்பா."

தேத்தண்ணீர்த் தட்டோடு போனேன். ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். அவள் கையில் கடைசியாக.

"ஜாதகம் பொருந்தலியே ஆன்ட்டி."

"அதெல்லாம் வேற ஐயருகிட்டக் காட்டிட்டோம்மா. நல்லாப் பொருந்துதாம்."

"எங்களுக்குப் பொருந்தல ஆன்ட்டி. தேத்தண்ணி ஆறிடும், குடிங்க."

அவள் குடித்தாள். முழுவதையும் குடித்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா உள்ளே போய்விட்டாள், அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை.

இனித்தது. பழி வாங்கினால் மனசு கசக்கும் என்பார்கள். எனக்கு இனித்தது, நாக்கு நுனி வரைக்கும். பொய் எழுத மாட்டேன்.

வெளியே அவன் காடியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

"வேணாம்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி." தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னான். கண் சிவந்திருந்தது. "எனக்குக் கஷ்டமா இருக்கு மலர்."

"இருக்கட்டும். எனக்கும் இருந்துச்சு."

போகிற நேரத்தில் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியாது. "சனிக்கிழம கடைக்கு வா. அந்த ஆட்டம் இன்னும் முடியல. மறுபடியும் விட்டுக் குடுத்த, கன்ட்ரோலராலயே அடிப்பேன்."

15 நவம்பர், சனி

வரவில்லை. சித்தி வீட்டுக் காரியமாம், மெசேஜ் வந்தது. பதில் போடவில்லை. ஆனால் படித்தேன்.

22 நவம்பர், சனி

மழை. கடையில் கூட்டம் இல்லை. நனைந்துகொண்டு வந்தான். கேத்லீன் துண்டு கொடுத்தாள், அங்கிள் ஷேக் கொடுத்தார், நான் கன்ட்ரோலரைக் கொடுத்தேன்.

முதல் ஆட்டம் எனக்கு, இரண்டாவது அவனுக்கு. மூன்றாவதில் அதே மாதிரி ஆளுக்கு ஒரு உயிர் மிச்சம். அவனை அடித்து வெளியே அனுப்பினேன். இரண்டு சிறகடிப்பு. விழுந்தான். நான் கொக்கை வெளியே கொண்டுபோய்க் காத்திருந்தேன். பக்கத்தில் நகத்தால் பட்டனைக் குத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெள்ளை வளையம். இறங்கினேன். அவன் நான் நினைத்த பக்கம் வரவில்லை. என் முதுகுப் பக்கமாகச் சுற்றி ஏறி, பாய்ந்து, என்னை மிதித்துக் கீழே தள்ளிவிட்டு மேடையில் போய் நின்றான். நான் சிறகை விரித்தபடியே விளிம்புக்குக் கீழே மிதந்து மிதந்து செத்தேன். அது ரொம்ப நேரம் எடுத்தது. கேத்லீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "கொக்க வெளியில ரொம்ப நேரம் நிக்க வைக்கிற. முதுகு காலியா இருக்கு" என்றான்.

"தெரியும். இன்னொண்ணு ஆடு."

மழை நிற்கிற வரை ஆடினோம். தோற்றதுதான் அதிகம். துளி இரக்கம் காட்டவில்லை அவன். வீட்டுக்கு வந்து சோறு கேட்டு வாங்கி, இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.